மாத்திரைக்கு விட்ட லீவு

பிரஷர் மாத்திரை போட்டால் ஆம்பளை ஆம்பளையாக இருக்க முடியாது என்ற சேதி பூனையாரின் காதுக்கு வந்து சேர்ந்தபோது, அது ஏற்கெனவே மூன்று வாய் மாறியிருந்தது. எங்கேயோ ஒரு பெயிண்டர். அவர் மனம்விட்டுச் சொன்னது தன் சகலையிடம். சகலை சொன்னது கண்ணாடிக் கிடங்கில் சரக்கு ஏற்றுகிற ரேடியோவிடம். ரேடியோவிடம் சொன்னால் ஊருக்கே சொன்ன கணக்கு. அவன் பெயர் வேறு ஏதோ. ஒருமுறை ஆரம்பித்துவிட்டால் அணைக்க முடியாது என்பதால் கிடங்கில் இந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

"யானை மாதிரி இருந்த மனுஷன்ணே. மூணு மாசம் மாத்திரை, அவ்வளவுதான். இப்ப பொண்டாட்டி கட்டில்ல, இவரு டிவி முன்னாடி" என்றான் ரேடியோ, டீக் கோப்பையைக் கையில் உருட்டிக்கொண்டே.

"டிவியாவது வேலை செய்யுதே, விடு" என்றான் இன்னொருவன்.

"சிரிக்காதீங்கடா. மாத்திரை ரத்தத்தோட வேகத்தைக் குறைக்குது. வேகம் போனா மத்ததெல்லாம் தன்னால போயிடும். சகலையே சொல்லிட்டாரு."

சுற்றி நின்ற எல்லோரும் சிரித்தார்கள். பூனையாரும் சிரித்தார். சிரித்த வாயை மூட அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஏனென்றால் அவருடைய லாரியில், ஸ்டியரிங்குக்குப் பக்கத்து இழுப்பறையில், அதே வகை மாத்திரை அட்டை ஒன்று கிடந்தது. வீட்டிலும், யாரிடமும் சொல்ல முடியாத அதே தொந்தரவு இருந்தது. அவர் இரண்டையும் கூட்டினார். டீ ஆறுவதற்குள் விடை வந்துவிட்டது.

அவரைப் பூனை என்று முதலில் கூப்பிட்டது யார் என்று கிடங்கில் யாருக்கும் ஞாபகமில்லை. ஏன் என்று மட்டும் எல்லோருக்கும் தெரியும். கண்ணாடி லாரியின் முதுகில் கூடாரம் மாதிரி ஓர் இரும்புச் சட்டம் நிற்கும். அதன் இரண்டு பக்கமும் ஆள் உயரக் கண்ணாடிகள், ஒன்றின் மேல் ஒன்று லேசாகச் சாய்ந்து, காலடியில் ரப்பர், இடுப்பில் பெல்ட் என்று நிற்கும். பிரேக்கை ஒரு மிதி மிதித்தால் போதும், அடுக்கு மொத்தமும் உரசிக்கொண்டு முன்னால் வழுக்கும். அதனால் பூனையார் சிக்னலைத் தெருவின் அந்தக் கோடியிலேயே பார்த்துவிட்டுக் காலை எடுத்துவிடுவார். குறுக்கே ஓடுகிறவர்களுக்கு முன்கூட்டியே வழிவிட்டுவிடுவார். ஹாரன் அடித்ததே இல்லை. வண்டிமேல் கண்ணாடி இருக்கும்வரை போன் இழுப்பறைக்குள் ஊமையாகக் கிடக்கும். எல்லா ஓட்டுநருக்கும் அதுதான் சட்டம், அவருக்கு அது பழக்கம். வண்டி வந்து நின்றபிறகுதான் வந்ததே தெரியும்.

வீட்டிலும் அப்படித்தான். கதவைச் சாத்துவது தெரியாது, செருப்பைக் கழற்றுவது தெரியாது. "மனுஷன் வந்துட்டாரா, இல்ல நினைப்புதானான்னு திரும்பித் திரும்பிப் பாக்க வேண்டியிருக்கு" என்பாள் மனைவி. அவளுக்குத் தெருமுனையில், மாடிப்படிக்குக் கீழே, ஆல்டரேஷன் கடை. ஒரு தையல் மெஷின், ஓரம் அடிக்கிற மெஷின் ஒன்று, சாக்பீஸ் கோடு போட்ட பேன்ட்டுகள் ஒரு குவியல். யார் வீட்டில் என்ன நடக்கிறது என்பதை இடுப்பளவை வைத்தே சொல்லிவிடுவாள். "இவருக்குச் சம்பளம் ஏறியிருக்கு. இவரு டாக்டர்கிட்ட போயிட்டு வந்திருக்காரு." தன் கணவரின் பேன்ட்டை மட்டும் அவள் சொல்லாமல் கொள்ளாமல் பிரித்துப் பிரித்து விட்டுத் தைத்துக்கொண்டிருந்தாள். "துணி சுருங்குது" என்று அவர் சொல்வதற்குத் தலையாட்டிக்கொண்டே.

நாலு நாள் பாதையில், இரண்டு நாள் வீட்டில். இதுதான் அவருடைய முறை. மகள் வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கப் போனபிறகு அந்த இரண்டு நாளும் அவர்கள் இருவருக்கு மட்டும் என்று ஆகிப்போனது. பாதையிலிருந்து அவர் வந்து குளித்ததும் அவள் வீட்டிலிருக்கும் பழைய தையல் மெஷின் விளக்கை எரியவிட்டு, "கையைக் கொடுங்க" என்பாள். கையுறை போட்டாலும் கண்ணாடித் துணுக்கு எப்படியாவது ஏறிவிடும். கண்ணுக்குத் தெரியாது, விளக்கைச் சாய்த்தால்தான் மின்னும். அவள் உள்ளங்கையைத் தன் மடியில் விரித்து, கட்டைவிரலால் தடவித் தடவித் தேடி, ஊசி நுனியால் ஒவ்வொன்றாக எடுப்பாள். "இங்க வலிக்குதா? இங்க?" வலிக்காத இடத்திலும் அவர் வலிக்கிறது என்பார். அவளுக்கும் தெரியும். கல்யாணமான நாளிலிருந்து அவர்களுடைய கொஞ்சல் எல்லாம் அந்த விளக்கடியில்தான் தொடங்கும்.

அதுதான் இப்போது நின்றுபோயிருந்தது.

உடம்பு முதல்தடவை கைவிட்டபோது அசதி என்று நினைத்தார். இரண்டாம் தடவை வயசு என்று நினைத்தார். அதற்கப்புறம் நினைக்கவே பயந்துபோய் முதுகுவலி என்று ஒன்றைக் கண்டுபிடித்தார். முதுகுக்கு மெத்தை ஆகாது, சோபாதான் நல்லது என்றார். அந்த சோபாவில் படுத்தால் நல்ல முதுகும் கூனிவிடும் என்பது வீட்டுக்கே தெரியும். அவள் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு தலையணையைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். பிறகு அவர் கையைக் கொடுப்பதையும் நிறுத்திக்கொண்டார். "ஒண்ணும் ஏறல, நானே பாத்துட்டேன்." கையைக் கொடுத்தால் பேச்சு வரும், பேச்சு வந்தால் சிரிப்பு வரும், அதற்குமேல் அவரால் சமாளிக்க முடியாது. விளக்கை அவள் மெதுவாக அணைத்துவிடுவாள்.

இந்த நிலைமையில்தான் ரேடியோவின் சேதி வந்தது. உண்மையைச் சொன்னால், பூனையாருக்கு அதில் பயத்தைவிட நிம்மதிதான் அதிகம். அப்படியானால் குற்றவாளி அவர் இல்லை; வயசும் இல்லை; ஒரு கடுகளவு வெள்ளை மாத்திரை! குற்றவாளி கையில் சிக்கிவிட்டான், தண்டனை கொடுக்க வேண்டியதுதான் பாக்கி.

மாத்திரையை ஒரேயடியாக விட்டுவிட அவருக்கு மனசு வரவில்லை. பாதையில் தலை சுற்றினால் கண்ணாடி என்னாவது, எதிரே வருகிறவன் என்னாவது? ஆகவே ஒரு வழி செய்தார். டூட்டி முறை மாதிரியே மாத்திரைக்கும் ஒரு முறை. பாதையில் இருக்கும் நாலு நாளும் ஒழுங்காகப் போடுவது. வீட்டுக்கு வரும் இரண்டு நாளும் மாத்திரைக்கு லீவு. வண்டியோடு பிரஷரும் கிடங்கிலேயே நிற்கட்டும். அட்டையை இழுப்பறையிலேயே விட்டுவிட்டு, தோளில் பையோடு இறங்கும்போது தன் சாமர்த்தியத்தை நினைத்து அவருக்கே பெருமையாக இருந்தது.

பெருமையை மனசுக்குள்ளேயே வைத்திருந்தாலாவது பரவாயில்லை. அதே கிடங்கில் மனைவியின் தம்பியும் ஓட்டுநர். பூனையாருக்கு மச்சான், லேட்டாகக் கல்யாணம் செய்துகொண்டவன். மனைவியைப் பற்றிப் பேச்சு வந்தாலே அவன் முகத்தில் பல்பு எரியும். அவனுக்கும் போன பரிசோதனையில் பிரஷர் என்று சொல்லி மாத்திரை கொடுத்திருந்தார்கள். ஒருநாள் இருவரும் சக்கரத்தில் காற்றுப் பார்த்துக்கொண்டிருந்தபோது பூனையார் குரலைத் தாழ்த்திக்கொண்டு விஷயத்தை அவிழ்த்தார்.

"மச்சான், நீ சின்னஞ்சிறுசு. சொல்லலைன்னா தப்பு. வீட்டுக்குப் போற நாள்ல அந்த மாத்திரையைத் தொடாத."

"ஏன் மாமா?"

அவர் சொன்னார். பெயிண்டர் கதைக்குக் கண் காது மூக்கு எல்லாம் வைத்துச் சொன்னார். தன் கதையை மட்டும் சொல்லவில்லை. "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்கு" என்று ஆரம்பித்து முடித்துவிட்டார்.

மச்சானுக்கு முகத்தில் ஈயாடவில்லை. "நீங்க சொன்னா சரிதான் மாமா. ஆனா லீவு எதுக்கு? ஒரேயடியா வேலையை விட்டே தூக்கிடுறேன்."

"டேய், அப்படி இல்லடா..." என்று அவர் இழுப்பதற்குள் மேற்பார்வையாளர் கூப்பிட்டுவிட்டார். அந்தப் பேச்சு அப்படியே அந்தரத்தில் நின்றுபோனது. போன வாரம் வாசலில் எதிர்ப்பட்டபோது மச்சான் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே, "கொஞ்ச நாளா பின்மண்டை கனமாவே இருக்கு மாமா" என்றான். "தூங்கு, சரியாயிடும்" என்றார் பூனையார்.

வீட்டு நாள்களில் மாத்திரைக்கு லீவு விட்டும் பூனையாருக்கு நிலைமை தேறவில்லை. இன்னும் மோசம். இரண்டாம் நாள் தலை விண்விண்ணென்று தெறிக்கும், கண் சிவந்திருக்கும். மாத்திரையின் மிச்சம் உடம்பில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, லீவை மூன்று நாளாக்க வேண்டுமோ என்றுகூட யோசித்தார்.

அப்போதுதான் நர்ஸ் வந்தார். சில மாதங்களுக்கு ஒருமுறை, வண்டி எடுக்கிற காலையில், அன்றைக்குக் கிளம்பும் ஓட்டுநர்களை உட்காரவைத்து நர்ஸ் பிரஷர் பார்ப்பது கிடங்கில் வழக்கம். வீட்டு நாள் முடிந்து, லீவு முடிந்து, உடம்பில் மருந்தே இல்லாமல் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார் பூனையார். கையில் சுற்றிய பட்டை இறுகி இறங்கியது. நர்ஸ் மெஷினைத் தட்டினார். மறு கையில் சுற்றிப் பார்த்தார். கொஞ்சம் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"அண்ணே, மாத்திரை ஒழுங்காப் போடுறீங்களா?"

"ஒழுங்குன்னா... ஒழுங்காத்தான்."

பக்கத்தில் நின்ற மேற்பார்வையாளர் கையை நீட்டினார். சாவியைக் கேட்கிறார் என்று புரிய ஒரு நிமிஷம் ஆனது. "டாக்டர் சரின்னு சொல்லட்டும் அண்ணே, உங்க வண்டி உங்களுக்குத்தான். இந்த பிரஷரோட உங்களைக் கண்ணாடி வண்டியில ஏத்தினா எனக்குத் தூக்கம் வராது." தன் லாரியை இன்னொருவன் எடுத்துக்கொண்டு போவதைப் பூனையார் பார்த்தார். கிடங்கு வாசல் மேட்டில் அது தடக்கென்று குதித்தது.

விஷயம் கேட்டதும் மனைவி கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, வாயில் இருந்த குண்டூசியைக்கூட எடுக்காமல் வந்துவிட்டாள்.

"நீ எதுக்கு? நானே போயிட்டு வந்துடுறேன்."

"நீங்க போனா முதுகுவலின்னு சொல்லிட்டு வந்துடுவீங்க. நடங்க."

கிளினிக்கில் டாக்டரம்மாவுக்கு பூனையாரின் மகளைவிடக் கொஞ்சம்தான் வயது கூட இருக்கும். அந்த முகத்தைப் பார்த்ததுமே பூனையார் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிப்போட்டுக்கொண்டார். டாக்டரம்மா அளவைப் பார்த்தார், பழைய அளவைப் பார்த்தார். "இந்த மாத்திரைக்கு இவ்வளவு இருக்கக் கூடாதே. இன்னும் கூட்டிக் கொடுக்கணும் போலிருக்கே" என்று முணுமுணுத்தார்.

கூட்டுவதா! ஒன்றுக்கே இந்தக் கதி. "வேணாம் டாக்டர்" என்றார் பூனையார். குரல் அவர் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது.

"ஏன்? நடுவுல விட்டுட்டீங்களா?"

"விடல. வீட்டு நாள்ல மட்டும்... லீவு."

"லீவா?"

"வீட்டுல எதுக்குன்னு..." அவர் மென்று முழுங்கினார். மேஜைமேல் இருந்த பேப்பர்வெயிட்டைப் பார்த்தார். கண்ணாடி. உள்ளே குமிழி விட்டிருந்தது, மட்டமான வார்ப்பு.

டாக்டரம்மா அவசரப்படவில்லை. "இந்த மாத்திரையைப் பத்தி வெளிய ஒரு பேச்சு உண்டு. அது உங்க காதுக்கும் வந்துதா?"

பூனையார் பேப்பர்வெயிட்டிடமே தலையாட்டினார். "பேச்சு மட்டும் இல்ல டாக்டர். நிஜமாவே. மாத்திரை ஆரம்பிச்சதுலேர்ந்து."

"இல்லங்க" என்றாள் மனைவி.

இருவரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கைப்பையின் ஜிப்பை இழுத்து இழுத்து மூடிக்கொண்டிருந்தாள்.

"மாத்திரைக்கு முன்னாடியே இருந்துது டாக்டர். படிக்குக் கீழ கடையை மாத்தினேனே, அந்த மழைக்காலம். அப்பத்தான் இவருக்கு முதுகுவலி வந்துது. மாத்திரை வந்தது அடுத்த வெயில்ல. அந்த அட்டையை முதல்ல வாங்கிட்டு வந்ததே நான்தான். இவரு அதுக்கு முன்னாடியே சோபாவுக்குப் போயாச்சு."

பூனையாருக்குக் காது சூடானது. "உனக்குத் தெரியுமா?"

"ஒரே வீட்டுல இருக்கேன்ல?"

"ஏன் ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டா, வண்டியிலேயே படுத்துக்குவீங்களோன்னு பயம்."

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். பிறகு நிதானமாகச் சொன்னார். பல வருஷம் அழுத்தம் கூடுதலாக ஓடினால் ரத்தக் குழாயின் உள்சுவர் தடித்து விறைத்துப்போகும், ரத்தம் போக வழி குறையும். பெரிய குழாய் கொஞ்ச காலம் சமாளிக்கும். சின்னக் குழாய்தான் முதலில் கைவிரிக்கும். "நீங்க சொல்ல வெக்கப்படுற இடத்துக்குப் போற குழாய் சின்னது. அதனால பிரஷர் இருக்கிற நிறையப் பேருக்கு இந்தத் தொந்தரவு வரும். உங்களுக்கு மட்டும் வந்த அதிசயம் இல்ல. நெஞ்சுக்குப் போற குழாய்லயும் இதே வேலை நடந்துட்டிருக்கலாம், அதான் இதைச் சொன்னா நாங்க நெஞ்சையும் சேத்துப் பாப்போம், சர்க்கரையையும் பாப்போம்."

"அப்ப மாத்திரை மேல தப்பே இல்லியா?" அவருக்குத் தன் குற்றவாளியை விட மனசில்லை.

"சில மாத்திரை சிலருக்கு இந்தத் தொந்தரவு கொடுக்கும். இல்லைன்னு சொல்ல மாட்டேன். அப்படி இருந்தா வந்து சொல்லுங்க, வேற வகை இருக்கு, மாத்திக்கலாம். நீங்களா லீவு விடக் கூடாது, அவ்வளவுதான். சில நாள் இறக்கி சில நாள் ஏத்தினா அந்தக் குழாய் பாவம் என்ன பண்ணும்? இப்போதைக்குக் கூட்டல. இதையே தினமும் போடுங்க. உப்பைக் குறைங்க, தினம் நடங்க. ரத்தம் டெஸ்ட் பண்ணிட்டு அடுத்த வாரம் வாங்க. இந்தத் தொந்தரவுக்கும் மருந்து இருக்கு, நெஞ்சைப் பாத்துட்டுப் பேசலாம். யாரோ சொன்னாங்கன்னு கடையில எதையும் வாங்கிப் போட்டுடாதீங்க. ரெண்டு பேரும் சேந்தே வாங்க."

திரும்பும்போது பஸ்ஸில் வந்தார்கள். ஒவ்வொரு பிரேக்குக்கும் பூனையாரின் வலது கால் தானாகத் தரையை அமுக்கியது.

"என்ன, டிரைவர் ஓட்டுறது பிடிக்கலியா?" என்றாள் அவள்.

"இவன் கையில ஒரு கண்ணாடி ஷீட்டைக் கொடுத்தா தூளாக்கிடுவான்."

அவள் சிரித்தாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "நான் என்ன நினைச்சேன் தெரியுமா? என்னைப் பிடிக்காமப் போச்சுன்னு. கண்ணாடி முன்னாடி நின்னு என் இடுப்பைக்கூட அளந்து பாத்தேன்" என்றாள்.

பூனையார் அவள் கையை எடுத்துத் தன் தொடைமேல் வைத்துக்கொண்டார், பஸ் முழுக்க ஆள் இருந்தும்.

வீட்டுக்கு வந்து முகம் கழுவிவிட்டு, அவராகவே தையல் மெஷின் முன்னால் போய் உட்கார்ந்தார். விளக்கையும் அவரே போட்டார். இரண்டு உள்ளங்கையையும் விரித்து நீட்டினார். அவள் ஊசி எடுத்துக்கொண்டு வந்தாள். இத்தனை மாசத்துத் துணுக்குகள், தோல் மூடிப் போனவைகூட, விளக்கைச் சாய்த்ததும் அங்கங்கே மின்னின.

"நீங்களே பாத்துக்கிட்ட லட்சணம் இதுதானா? இங்க வலிக்குதா?"

"ம்."

"பொய். இங்க?"

"ம்."

அவள் குனிந்திருந்தாள். அவளுடைய தலைவகிடு அவர் கண்ணெதிரே இருந்தது. கட்டைவிரல் உள்ளங்கை நடுவில் சுற்றிக்கொண்டிருந்தது. எல்லாம் சொல்லிவிட்டோம், இனி ஒன்றுமில்லை என்று மூச்சை விட்டபோதுதான் விட்டுப்போன ஒன்று ஞாபகத்துக்கு வந்தது.

"இன்னொண்ணு இருக்கு" என்றார்.

"என்னது?"

"மச்சான்கிட்டயும் சொல்லிட்டேன்."

"எதை?"

"அந்தப் பெயிண்டர் கதையை. லீவு விடச் சொன்னேன். அவன்... ஒரேயடியா விட்டுடுறேன்னான்."

ஊசி அவர் கையிலேயே குத்திக்கொண்டு நின்றது. "என் தம்பிகிட்டயா? அவனுக்கு உங்களைவிட ஜாஸ்தின்னு சொன்னாங்களே?"

"பின்மண்டை கனக்குதுன்னான் போன வாரம். தூங்குன்னேன்."

அவள் ஊசியை உருவிக் கீழே வைத்தாள். "போனைப் போடுங்க" என்றாள்.

"பாதையில இருப்பான். வண்டியில ஷீட் இருந்தா எடுக்க மாட்டான்."

"மத்தியானமே இறக்கிடுவேன்னு காலைல எனக்கு மெசேஜ் அனுப்பியிருந்தான். போடுங்க."

இடது கையால் போனை எடுத்து மெஷின் பலகைமேல் வைத்து, ஸ்பீக்கரைத் தட்டினார். வலது கை இன்னும் அவள் மடியில் இருந்தது. மணி அடித்தது. தானாக நின்றது. மறுபடி போட்டார்.

"என்ன சொல்லுவீங்க?" என்றாள் அவள், போனையே பார்த்துக்கொண்டு.

"எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர்னு சொன்னேனே, அது நான்தான்டான்னு சொல்லுவேன். மாத்திரையை எடுத்துப் போடு, வந்ததும் என்கூட டாக்டர்கிட்ட வாடான்னு சொல்லுவேன்."

"அதை முதல்ல சொல்லுங்க. மத்த கதையெல்லாம் அப்புறம்."

"ம்."

விளக்கு வெளிச்சத்தில் அவர் உள்ளங்கை நடுவில் ஒரு துணுக்கு இன்னும் மின்னிக்கொண்டிருந்தது. அவள் அதை எடுக்கவில்லை. அவர் விரல்களைத் தன் விரல்களால் மூடி இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். எங்கேயோ, ஒரு லாரியின் இழுப்பறைக்குள்ளேயோ, ஒரு சட்டைப்பையிலேயோ, மணி அடித்துக்கொண்டே இருந்தது.